மாணவர் குறும்படம்: போட்ட திட்டம் ஒரு பக்கம், நடந்தது மறுபக்கம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பிள்ளைகள் செமஸ்டர் முடிவில் குறும்படத்தோடு ஒரு அறிக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எப்படித் திட்டமிட்டீர்கள், எது நினைத்தபடி வந்தது, எது சொதப்பியது, அடுத்த தடவை என்ன செய்வீர்கள் என்று எழுத வேண்டும். படத்துக்கு உயிரைக் கொடுத்து வேலை பார்ப்பவர்கள் இந்த அறிக்கையை மட்டும் சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதனால்தான் எல்லா அறிக்கையிலும் "நேரம் போதவில்லை, இருந்தாலும் குழுவாக உழைத்து நல்ல அனுபவம் பெற்றோம்" என்று ஒரே வரி வருகிறது. அதைப் படித்து யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, எழுதியவருக்கும் சேர்த்துத்தான்.

இதற்கு நான் சொல்வது ஒரே ஒரு வழி. ஒரு நீளநோட்டு வாங்குங்கள். திட்டத்தை எல்லாம் இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், வலது பக்கத்தை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள். இடது பக்கம் நாம் நினைத்தது, வலது பக்கம் நடந்தது. வலது பக்கத்தை அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுதி நிரப்ப வேண்டும். கடைசியில் அறிக்கை எழுதுவது சுலபமாகிவிடும் என்பது சின்ன லாபம்தான், முதல் நாள் ஷூட்டிங் முடிந்ததுமே இரண்டாம் நாள் திட்டத்தில் கை வைக்க ஆரம்பித்துவிடுவீர்கள் பாருங்கள், அதுதான் பெரிய லாபம்.

இடது பக்கத்தில் கதையை எழுதுவதற்கு முன்னால் ஆட்களை எழுதுங்கள். ஆறு பேர் குழு என்றால் ஆறு பேரும் எல்லா நாளும் வருவார்கள் என்று நம்பிப் போடும் திட்டம் முதல் சனிக்கிழமையே கவிழ்ந்துவிடும். ஒருத்தர் உசிலம்பட்டி தாண்டி ஒரு ஊரிலிருந்து வருகிறார் என்றால் அவர் ஊருக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரம்தான் உங்கள் பேக்கப் நேரம், அதாவது ஷூட்டிங்கை முடித்து மூட்டை கட்டும் நேரம். விடுதிப் பெண்கள் ஆறு மணிக்குள் உள்ளே போயாக வேண்டும் என்றால் அது இரவுக் காட்சி எழுதுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தன் கேட்டரிங் வேலைக்குப் போவான், முகூர்த்த நாளில் அவனை எதிர்பார்க்கவே முடியாது. ஒருத்திக்கு அரியர் பரீட்சை இருக்கும். கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். கேட்காவிட்டால் கூச்சத்தில் சொல்லாமல் இருந்துவிட்டு ஷூட்டிங் அன்று காலையில் போனை அணைத்து வைத்துவிடுவார்கள், அப்புறம் குழுவுக்குள் ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது.

அடுத்து காலண்டர். போனில் இருக்கிற காலண்டர் போதாது, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மதுரையில் எந்த நாள் சத்தமாக இருக்கும், எந்தத் தெரு அடைபடும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. முகூர்த்த நாள் என்றால் மண்டபம் இருக்கிற தெருவில் வசனக் காட்சி வைக்காதீர்கள். மார்கழியில் கல்யாணச் சத்தம் இருக்காது, ஆனால் விடிகாலையிலேயே கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும். ஆடியில் எந்தச் சந்துக்குள் போனாலும் ஒரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டு பாட்டுப் போட்டிருப்பார்கள். பொங்கல் விடுமுறையில் எடுத்துவிடலாம் என்று நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு, அந்தப் பக்கத்துப் பையன்கள் யாரும் கேமராவைத் தொடமாட்டார்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில், அதிலும் அழகர் ஆற்றில் இறங்குவதை ஒட்டி, கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கம் லொகேஷன் என்று எழுதுவதே வீண். திருவிழாவையே படம் எடுப்பது என்றால் அது வேறு கணக்கு.

நடிப்பதற்கு வெளியிலிருந்து ஆள் பிடிக்கும்போதும் இதே காலண்டர்தான் உதவும். மதுரையில் ஸ்பெஷல் நாடகம், அதாவது ஊர்த் திருவிழாக்களில் போடும் மேடை நாடகம், ஆடுகிற கலைஞர்கள் இருக்கிறார்கள், நன்றாக நடிப்பார்கள், மாணவர்கள் என்று போய்க் கேட்டால் மனசு வைத்து வருபவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் நாடகம் விடிய விடிய நடப்பது. பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் திருவிழா என்பதால் கையில் கிடைக்கமாட்டார்கள். கிடைத்தாலும், ராத்திரி முழுக்க ஆடிவிட்டு வந்தவரைக் காலை ஆறு மணிக்கு வாங்கண்ணே என்று கூப்பிடக் கூடாது.

வெயிலையும் எழுதி வையுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் இங்கே ஆறு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், ஜூன் ஜூலையில் ஆறரை தாண்டும். சித்திரை பிறக்கும் சமயத்தில், அதாவது ஏப்ரல் நடுவிலும், மறுபடி ஆகஸ்ட் கடைசியிலும், மதுரையில் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும், மணி பன்னிரண்டே காலை ஒட்டி. அந்த நேரத்தில் வெளியில் நிற்க வைத்து எடுத்தால் எல்லோர் முகத்திலும் கண் இருக்கும் இடம் இருண்டு கிடக்கும். ஒரு தெர்மாகோல் அட்டையைக் கீழே பிடித்தால் ஓரளவு சரியாகும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் உங்கள் பட்டியலில் இருக்கிறாரா? இரவுக் காட்சிக்கு விடுதி நேரம் இடித்தால், வீட்டுக்குள் நடப்பதாக மாற்றி ஜன்னலைக் கறுப்புப் போர்வையால் மூடிப் பகலிலேயே எடுத்துவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஏரியாவில் என்று முந்தின நாள் பேப்பரில் போடுவார்கள், உள்காட்சி எடுப்பவர்கள் அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

இடம். இதில்தான் ஆசை நிறைய. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனே கொண்டுபோக முடியாது, அதனால் அதை மறந்துவிடலாம். திருமலை நாயக்கர் மகாலும் கீழக்குயில்குடி சமணர் மலையும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை, சுற்றிப் பார்க்கப் போகிறவர் போனில் படம் எடுப்பதும் ஒரு குழு நடிகர்களோடு போய் ட்ரைபாடை விரிப்பதும் அவர்களுக்கு ஒன்றல்ல. ரயில் நிலையமும் அப்படித்தான். துறைத் தலைவரிடம் கல்லூரி லெட்டர்பேடில் கடிதம் வாங்கி, அதில் தேதி, நேரம், எத்தனை பேர், என்ன கருவி என்று தெளிவாக எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பதில் வரும்வரை காத்திருக்க நாள் இருந்தால் மட்டும் அந்த இடத்தை எழுதுங்கள். பதில் வராவிட்டால் எங்கே எடுப்பது என்பதை அதே வரியில் எழுதுங்கள். ட்ரோன் ஷாட் ஒன்று வைத்தே ஆக வேண்டும் என்று எல்லாக் குழுவிலும் ஒருவர் நிற்பார். 2021-ல் வந்த ட்ரோன் விதிகளும் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்து வரைபடமும் பறக்கவிடக் கூடாத இடங்களைப் பிரித்துக் காட்டுகின்றன, விமான நிலையம் இருக்கிற ஊர், கோயில் இருக்கிற ஊர், இங்கே அதைப் பார்க்காமல் ஒன்றும் செய்யக் கூடாது. பேசாமல் தெரிந்தவர் வீட்டு நாலாவது மாடிக்கு ஏறி எடுங்கள். என் கணக்கில் பாதி ட்ரோன் ஷாட்டுக்குக் கதையில் வேலையே இல்லை.

அப்புறம் கதையின் நீளம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கில ஸ்கிரிப்ட் அச்சடிக்கும் முறைக்கு உள்ளது, நம் கையெழுத்து நோட்டுக்கு அது ஒத்துவராது. நடித்துப் படித்து ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பாருங்கள். யாரும் பேசாமல் நடந்து போகிற இடத்தில் ஓர் ஆள் அறைக்குள் நிஜமாகவே நடக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் இது இல்லாமல் படம் நிற்குமா என்று எழுதி, நிற்கும் என்றால் ஒரு புள்ளி வையுங்கள். நாள் குறைந்துபோனால் எதை வெட்டுவது என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே, எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மத்தியான வெயிலில் பசியோடு நின்றுகொண்டு எந்தக் காட்சியை வெட்டலாம் என்று பேசினால் அது கதையைப் பற்றிய பேச்சாக இருக்காது.

ஷாட் எண்ணிக்கையில் எல்லோரும் அதிகமாகத்தான் போடுவார்கள். முதல் படம் எடுக்கிற குழு அரை நாளில் பத்து ஷாட் முடித்தால் நன்றாக வேலை பார்த்திருக்கிறார்கள் என்று சொல்வேன்.

ஒரு ஜூனியர் குழுவின் நோட்டிலிருந்து ஒரு நாளை அப்படியே காட்டுகிறேன். கதை, செல்லூர்ப் பக்கம் ஒரு சந்தில் பூக் கட்டி விற்கிற அப்பத்தாவைப் பற்றியது. நடித்தது குழுவில் ஒரு பெண்ணின் சொந்த அப்பத்தா.

இடது பக்கம்: "சனி. அப்பத்தா வீட்டுத் திண்ணை. காலை 6 மணி. காட்சி 3, 4. பூக் கட்டுவது, பேரன் காசு கேட்பது. 14 ஷாட். 10 மணிக்குப் பேக்கப்."

வலது பக்கம்: "6.40-க்குத்தான் எல்லோரும் வந்தோம். 6.50-க்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடம், மோட்டார், இரண்டு வீட்டுக்குச் சண்டை. 8.15 வரை வசனம் எடுக்க முடியவில்லை. சும்மா இருக்க வேண்டாம் என்று கை, வாழைநார், மொட்டு என வசனமில்லாத 5 ஷாட் எடுத்தோம். 8.30-க்கு வெயில் திண்ணையில் ஏறிவிட்டது, முன்னால் எடுத்ததோடு சேராது. வசன ஷாட் 3 மட்டும் ஆனது. 10.20-க்கு அப்பத்தா, சோறு வைக்கணும் போதும்ப்பா என்று எழுந்து போய்விட்டார். மீதி 6."

இதற்கு "நேரம் போதவில்லை" என்று எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்களை உட்கார வைத்து, தவறிப்போன ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதச் சொன்னேன்: முன்பே தெரியும், கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், யாருக்கும் தெரியாது. தாமதமாக வந்தது முதல் வகை, திருமங்கலத்திலிருந்து வருகிற இரண்டு பேர் எந்த பஸ்ஸில் வருவார்கள் என்பது ஆள் பட்டியலிலேயே இருந்தது. தண்ணீர் வருகிற நாள், வெயில் திண்ணைக்கு வரும் நேரம், அப்பத்தா உலை வைக்கும் நேரம், இது மூன்றும் இரண்டாம் வகை, அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் கிடைத்திருக்கும். மூன்றாம் வகையில் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. பெரும்பாலான மாணவர் படங்களில் இப்படித்தான் இருக்கிறது. மழை பெய்தது, கேமரா பழுதானது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், நோட்டைப் பார்த்தால் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் வரிசையாக நிற்கும்.

சரி, அதை வைத்து அடுத்த சனிக்கிழமையை எப்படி மாற்றினார்கள் என்பதுதான் முக்கியம். அந்தத் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், அடுத்த சனிக்கிழமை வராத நாள். கிழக்குப் பார்த்த திண்ணை, மத்தியானத்துக்கு மேல் முழுக்க நிழல். சோறு ஆகி, அப்பத்தா ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கும் மூன்று மணிக்கு ஆரம்பிக்கலாம் என்று முடிவானது. அப்போது அந்தப் பேத்தி ஒரு விஷயம் சொன்னாள்: காலையில் மல்லிகை மொட்டாக இருக்கும், சாயங்காலம் ஆக ஆக விரிந்துவிடும், போன வாரம் எடுத்த குளோசப்பில் எல்லாமே மொட்டு, வைடு ஷாட்டில் பூவாக இருந்தால் அசிங்கமாகத் தெரியுமே. ஈரத் துணியில் சுற்றி வைத்து, மொட்டு தெரிகிற ஷாட்டை எல்லாம் முதலில் எடுத்துவிடுவது என்று வரிசையை மாற்றினார்கள். பூச்செலவும் இருந்தது. பனிக் காலத்தில் வரத்து குறைந்து மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும், மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள், தட்டுக்கு அடியில் வெள்ளைத் துணியைக் குவித்து மேலே மட்டும் பூவைப் பரப்பினார்கள். படத்தில் தட்டு நிறையப் பூ. இது எல்லாமே வலது பக்கத்தில் இருக்கிறது, வாரா வாரம் தேதியோடு.

வலது பக்கத்தை நிரப்புவது எப்படி என்று கேட்டால், களைத்துப் போயிருக்கும்போது யாரும் எழுதமாட்டார்கள், அதனால் எழுதச் சொல்லாதீர்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் வாய்ஸ் நோட் பேசி வைத்துக்கொள்ளட்டும். குழுவில் போடுவதற்கு முன் தனித்தனியாகப் பேச வேண்டும், இது அவசியம். டைரக்டர் முதலில் பேசிவிட்டால் அவர் சொன்னதுதான் எல்லோருக்கும் நடந்ததாக ஆகிவிடும். சவுண்டு பார்த்தவர் காதில் விழுந்தது கேமரா பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் ஏற்றிவிடலாம், வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். எழுதும்போது பெயர் போடாமல் பொறுப்பைப் போடுங்கள். "அவன் பேட்டரி கொண்டுவரவில்லை" என்பதற்குப் பதில் "பேட்டரிக்கு யார் பொறுப்பு என்று எழுதவே இல்லை" என்று எழுதினால் நோட்டை எல்லோரும் படிக்க முடியும். நன்றாக நடந்ததையும் இதே கறாரோடு எழுத வேண்டும். தண்ணீர் வந்த நேரத்தில் எடுத்த அந்த 5 ஷாட்தான் கடைசியில் படத்தின் தொடக்கமாக நின்றது, அது அதிர்ஷ்டமா, யாராவது யோசித்துச் சொன்னதா என்று வலது பக்கம் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி பண்ணுங்கள். போனில் 4கே எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 350 எம்பி வரை போகும், ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 20 ஜிபி தாண்டும், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும் என்பதால் அந்த வழி வேண்டாம். காப்பி ஆனதும் எடிட்டர் சும்மா கட் பண்ணி ஒட்டிப் பார்க்கட்டும், கலர், மியூசிக் எதுவும் வேண்டாம். எந்த ஷாட் விட்டுப்போனது என்று அப்போதுதான் தெரியும், வீட்டுக்காரர் இன்னொரு நாள் விடுவார் என்கிற தெம்பு இருக்கும்போதே விட்டுப்போனதை எடுக்கும் பேட்ச் ஒர்க்கை முடித்துவிடலாம். வசனம் சத்தத்தில் மாட்டிக்கொண்டால், டேக் முடிந்த கையோடு நடிகரை உள் அறைக்குக் கூட்டிப்போய் அதே வரிகளை அதே வேகத்தில் போனில் பதிந்துகொள்ளுங்கள், கிளம்பும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தையும். டப்பிங் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அப்பத்தாவை எந்த ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போவீர்கள்?

காசு விஷயம் சுருக்கமாக. ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள், டீ, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான், கணக்கு அதே நோட்டின் பின்பக்கம். வீடு கொடுத்தவருக்கும் நடித்தவருக்கும் சாப்பாடு உங்கள் செலவு, அதைச் சேர்க்காத பட்ஜெட் பட்ஜெட்டே இல்லை.

இப்போது அறிக்கை. நோட்டு நிரம்பியிருந்தால் இதற்கு ஒரு சாயங்காலம் போதும். நடந்தது எல்லாவற்றையும் எழுதாதீர்கள். திட்டம் மாறிய இடங்களில் மூன்றோ நான்கோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன நினைத்தோம், என்ன நடந்தது, மூன்று வகையில் எது, அதனால் எதை மாற்றினோம், மாற்றியது வேலை செய்ததா என்று எழுதினால் போதும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மூன்று மணிக்கு மாற்றிய திட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது, தெருப் பிள்ளைகள் கேமரா முன்னால் கூடிவிட்டார்கள். அதையும் எழுத வேண்டும். "சிறப்பாக", "கடின உழைப்பால்", "மறக்க முடியாத" என்று வரும் வரிகளை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள், மீதி இருப்பதுதான் அறிக்கை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்பார், படத்தில் வேலையே பார்க்காதவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார், அதற்கு நான் ஒன்றும் வழி சொல்லப்போவதில்லை.

திட்டத்தில் பெரும்பாலும் யாரும் எழுதாத ஒரு நாள் உண்டு, வீடு கொடுத்த தெருவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டும் நாள். அதற்கும் இடது பக்கத்தில் தேதி போடுங்கள். கல்லூரி புரொஜெக்டர் வெளியே கிடைக்காது, அந்த வீட்டு டிவியிலேயே பென் டிரைவில் ஓட்டிக்கொள்ளலாம். பழைய டிவி சில ஃபார்மட்டை எடுக்காது, எம்பி4 ஃபைலாக, எச்.264 கோடெக்கில், 1080 ரெசல்யூஷனில் ஒரு காப்பி தனியாக எக்ஸ்போர்ட் பண்ணி, முந்தின நாளே பேத்தியிடம் கொடுத்து ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் வராத நாளா என்பதையும் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம்.